கட்டுக்குப் பத்து

மணிச்சட்டம் பீரோவுக்குள் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பத்துக் கம்பி, கம்பிக்குப் பத்து மணி, சிவப்பும் மஞ்சளுமாகப் பூசியது. ஒண்ணாங் கிளாஸ் பிள்ளைகள் கையால் தள்ளித் தள்ளி எண்ணிப் பழகட்டும் என்றுதான் சர்க்கார் அதை அனுப்பியது. வந்த நாள் முதல் ஒரு பிள்ளையின் விரல்கூட அதன்மேல் பட்டதில்லை. பட்டால் உடையும், உடைந்தால் ஹெட்மாஸ்டர் பதில் சொல்ல வேண்டும். இந்தக் காரணம் போதாதென்று எல்லைத் தகராறு வேறு வந்து சேர்ந்துகொண்டது.

நகரிக்கு மேற்கே மூன்று கல் தொலைவில் பள்ளிக்கூடம் இருந்த அந்த ஊர், மதராஸ் ராஜ்யத்துக்குப் போகிறதா ஆந்திராவிலேயே நிற்கிறதா என்று ஊரில் யாருக்கும் தெரியவில்லை. திருத்தணி போகிறது என்றார்கள், பள்ளிப்பட்டு போகிறது என்றார்கள். நம்ம ஊரு என்று கேட்டால் ஆளுக்கொரு பக்கம் கையைக் காட்டினார்கள். இந்தக் குழப்பத்தில் பள்ளிக்கூடத்துச் சாமான் எந்த ராஜ்யத்துச் சொத்து என்று மூன்று தடவை லிஸ்ட் எடுத்தார்கள். மூன்று தடவையும் ‘மணிச்சட்டம் ஒன்று, மணிகள் நூறு, நல்ல நிலையில்’ என்று எழுதி, வந்த அதிகாரியும் ஹெட்மாஸ்டரும் கையெழுத்துப் போட்டார்கள். அறுபதாம் வருஷம் ஏப்ரல் முதல் தேதி திருத்தணி அந்தப் பக்கம் போயிற்று. இந்த ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது. பீரோச் சாவியும் ஹெட்மாஸ்டர் நாகபூஷணத்தின் இடுப்பில் இருந்த இடத்திலேயே இருந்தது.

ஒண்ணாங் கிளாஸ் தமிழ் செக்‌ஷன் டீச்சர் சுந்தரம்மாவுக்கு அந்தச் சாவியைப் பார்க்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வரும். நகரி தறிக்காரர் வீட்டுப் பெண் அவள். பாவுக்கு இழை எண்ணி எண்ணியே கணக்குப் படித்தவள். கையில் பிடித்துப் பார்க்காத எண் எந்தப் பிள்ளையின் தலையிலும் நிற்காது என்பது அவளுக்குப் புத்தகம் சொல்லித் தெரிந்த விஷயமில்லை.

“லிஸ்ட்டுதான் முடிஞ்சிடுச்சே சார். இப்பவாவது தொறங்க” என்று ஜூன் மாசம் பள்ளிக்கூடம் திறந்ததுமே கேட்டாள்.

“இன்னும் ஒரு தபா சரிபாக்க வருவாங்கம்மா. அதுக்குள்ள ஒரு மணி தெறிச்சிப் போச்சின்னா யாரு ஜவாப் சொல்றது? நீயா நானா?”

“பசங்களுக்கு எண்ணத் தெரியலன்னா யாரு சார் ஜவாப் சொல்றது?”

நாகபூஷணம் சாவியை இடுப்பில் இன்னும் இறுக்கிச் செருகிக்கொண்டார். நல்ல மனுஷர்தான், யாருக்கும் கெடுதல் நினைத்ததில்லை. ஆனால் மேலதிகாரி என்ற ஒரு ஜீவன் பக்கத்து ஊரில் தும்மினால் இவருக்கு இங்கே கை கால் ஓடாது. அப்படிப்பட்ட நல்ல மனுஷரால் வருகிற கெடுதலுக்குக் கணக்கே கிடையாது.

சுந்தரம்மா கேட்டதற்குக் காரணம் இருந்தது. எல்லை தீர்ந்த பிறகு, தமிழ் செக்‌ஷன்கள் வேண்டுமா வேண்டாமா என்று ஒவ்வொரு பள்ளிக்கூடமாகப் பார்த்து எழுத டிப்டி இன்ஸ்பெக்டர் வரப்போகிறார் என்று தாக்கீது வந்திருந்தது. பிள்ளைகள் தேறினால் செக்‌ஷன் இருக்கும். தேறாவிட்டால் அடுத்த மாசமே முப்பத்திரண்டு பிள்ளைகளையும் தெலுங்கு செக்‌ஷனில் கொண்டுபோய் உட்காரவைத்துவிடுவார்கள். சந்தையில் பேசுகிற தெலுங்கு எல்லாப் பிள்ளைக்கும் வாயில் வரும். அதற்காக ஆறு வயசுப் பிள்ளை அம்மாவிடம் பேசாத பாஷையில் முதல் எழுத்தும் முதல் கணக்கும் படிக்க வேண்டும் என்றால் அது என்ன நியாயம் என்று சுந்தரம்மா கேட்டாள். வீட்டில் கேட்டாள், கிணற்றடியில் கேட்டாள், கேட்டவர்கள் தலையை ஆட்டினார்கள்.

பீரோ திறக்காது என்று தெரிந்ததும் அவள் வேறு வழி பார்த்தாள். பழைய துடைப்பங்களைப் பிரித்து, குச்சிகளை விரல் நீளத்துக்கு நறுக்கச் சொன்னாள். பத்துக் குச்சி எண்ணி வாழைநாரால் கட்டினால் ஒரு கட்டு. ஒரு கட்டு பத்து, பத்துக் கட்டு நூறு. முப்பத்து நாலு வேண்டுமென்றால் மூன்று கட்டும் நாலு உதிரியும் எடுக்க வேண்டியதுதான். முதல் கட்டைத் தானே கட்டிக் காட்டினாள். மிச்சத்தைப் பிள்ளைகளையே கட்டச் சொன்னாள், கட்டுகிற கைக்குத்தான் கணக்கு ஏறும் என்று.

எண்ணுகிற வேலை எல்லோருக்கும், கட்டுகிற வேலை கங்கம்மாவுக்கு என்று பிள்ளைகளே பிரித்துக்கொண்டார்கள். கங்கம்மா முருங்கைத் தோட்டக்காரி பச்சையம்மாளின் மகள். தினமும் விடியற்காலையில் அம்மாவுடன் உட்கார்ந்து திருப்பதி ரயிலுக்கு முருங்கைக்காய் கட்டுகிறவள். நாரை நனைத்து, இரண்டு சுற்றுச் சுற்றி, முனையைச் செருகி இழுத்தாள் என்றால் பெரியவர்கள் பிடுங்கினாலும் அவிழாது. “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று பத்து வரைக்கும் வகுப்பே சேர்ந்து கத்தும். பத்து என்று முடித்ததும் குச்சிகள் கங்கம்மாவின் கைக்குப் போகும். ஒரு சனிக்கிழமையில் இருபத்துநாலு கட்டு ஆயிற்று.

ஒரே மாசம். கூட்டல், கடன் வாங்கிக் கழித்தல் எல்லாம் பிள்ளைகள் கையில் நின்றன. உதிரிக் குச்சி போதாவிட்டால் ஒரு கட்டைக் கொடுத்துப் பெட்டியிலிருந்து பத்து உதிரி வாங்கிக்கொள் என்றால் போதும். ஒரு பிள்ளைக்குக்கூட இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை. டிப்டி வரட்டும், பார்த்துவிட்டுப் போகட்டும் என்று சுந்தரம்மா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் இருந்தாள்.

ஜூலை மாசம் டிப்டி வந்தார். கடலோர ஜில்லாக்காரர், திருப்பதி ஆபீசுக்கு மாற்றலாகி நாலு மாசம்தான் ஆகியிருந்தது. மடிப்புக் கலையாத வெள்ளை உடுப்பு, சுத்தமான தெலுங்கு, இங்கிலீஷ். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. அதனால் நாகபூஷணம் அவர் தோளை ஒட்டி நின்று இதை அதற்கும் அதை இதற்கும் மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கடுகடுப்பான ஆளாகத் தெரியவில்லை. பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்தார். குச்சிக் கட்டுகளைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். முன்வரிசையில் இருந்த கங்கம்மாவைக் காட்டி, முப்பத்து நாலு எடுக்கச் சொன்னார். கங்கம்மா யோசிக்கவே இல்லை. மூன்று கட்டும் நாலு குச்சியும் மேஜைமேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். டிப்டி நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினார். சுந்தரம்மாவுக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது.

பிறகு என்ன தோன்றியதோ, ஒரு கட்டை எடுத்து நாரை அவிழ்க்கப் பார்த்தார். அவிழவில்லை. பேனாக்கத்தியால் அறுத்துவிட்டு ஒவ்வொன்றாக மேஜைமேல் எண்ணி வைத்தார். பதினொன்று. அடுத்ததை அறுத்தார், பதினொன்று. மூன்றாவதும் பதினொன்று. பெட்டியிலிருந்து இன்னும் இரண்டை எடுத்து அறுத்தார். எல்லாம் பதினொன்று.

“முப்பத்து நாலு கேட்டேன், முப்பத்தேழு கொடுத்திருக்கிறாள்” என்று தெலுங்கில் சொன்னார். இப்போது சிரிப்பு இல்லை. “பத்து எவ்வளவு என்று டீச்சருக்காவது தெரியுமா?”

சுந்தரம்மா மேஜைமேல் கிடந்த குச்சிகளைப் பார்த்தாள். தன் காதால் கேட்டிருக்கிறாள், பத்து வரை எண்ணினார்களே. எண்ணி முடித்த கட்டைத் தான் ஒருமுறை அவிழ்த்துப் பார்த்திருக்கக் கூடாதா? அவமானம் உச்சந்தலைக்கு ஏறியது. அது இறங்குவதற்கு ஒரு இடம் தேடியது. இந்த மாதிரி நேரத்தில் பெரியவர்களுக்குக் கிடைக்கிற இடம் எது என்று சொல்ல வேண்டியதில்லை. கங்கம்மாவின் புறங்கையில் பளீரென்று ஒன்று வைத்தாள்.

பிள்ளை கையை உதறவில்லை. உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, “பத்துதான் டீச்சர் கட்டினேன். ஒண்ணு கொசுறு” என்றது.

அப்போதுதான் சுந்தரம்மாவுக்கு விளங்கியது. பத்து எண்ணியாயிற்று. கட்டுகிறபோது, வாய் எண்ணாமல், கை தானாக இன்னொன்றை எடுத்துச் செருகிவிட்டது. தோட்டத்தில் அப்படித்தான். பத்துக் காய்க்கு ஒரு காய் கொசுறு வைக்காத கட்டு கட்டே இல்லை. வாங்குகிறவர்களும் அதைப் பத்து என்றுதான் சொல்கிறார்கள்.

“என்ன சொல்கிறாள்?” என்று டிப்டி கேட்டார்.

நாகபூஷணம் டிப்டியின் பக்கம் திரும்பினார். “தெரியாதுன்னு சொல்லுதுங்க” என்று தெலுங்கில் சொன்னார்.

சுந்தரம்மாவுக்குத் தெலுங்கு தெரியும். அந்த ஒரு வரியில் இருந்த பொய் தெரியும். வாயைத் திறந்து, இல்லை ஐயா, இது சொன்னது வேறு என்று சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகாது. சொல்லவில்லை. அடித்த கை காந்திக்கொண்டிருக்க, மரம்போல் நின்றாள். டிப்டி நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். பிள்ளைகளுக்குப் பத்துவரை எண்ணத் தெரியவில்லை, டீச்சர் திங்கட்கிழமை திருப்பதி ஆபீசுக்கு வந்து விளக்கம் தர வேண்டும், அது திருப்தியாக இல்லாவிட்டால் ஆகஸ்டு முதல் செக்‌ஷனைச் சேர்த்துவிடலாம் என்று வாய்விட்டுப் படித்தும் காட்டினார்.

டிப்டியின் ஜீப் போன பிறகு அவள் நாகபூஷணத்தின் அறைக்குள் போனாள்.

“அந்தக் கொழந்த தெரியாதுன்னா சார் சொன்னிச்சி?”

“கோச்சிக்காதம்மா. சர்க்கார் ஸ்கூல்ல கொசுறு கணக்கா சொல்லித் தரீங்கன்னு அந்தாளு நம்மளக் காறித் துப்புவாரு. தெரியாதுன்னா சின்னப் புள்ளன்னு உட்ருவாருன்னு பாத்தேன்.”

“உட்டாரா?”

அவர் பீரோவைப் பார்த்தார். பீரோ பேசுமா?

மறுநாள் கங்கம்மா வரவில்லை. பச்சையம்மாள் வந்தாள். ரயிலுக்குப் போகிற அவசரத்தில், தலையில் முருங்கைக்கூடையோடு வகுப்பு வாசலில் வந்து நின்றாள். கூடையை இறக்கவும் இல்லை, உள்ளே வரவும் இல்லை.

“டீச்சரம்மா, எம்பொண்ணு ராத்திரி சோறு துன்னல. கையி செவந்து தடிச்சிக்கினு கீது. நாலு பேரு எதுர்ல அடிக்கிற அளவுக்கு இன்னா திருடிட்டா?”

“ஒண்ணும் திருடல பச்சையம்மா.”

“அதான். கொறைச்சிக் கட்டியிருந்தா அடிங்க, நானே வெளக்குமாறு எடுத்துக் குடுக்கறேன். கூட வெச்சிக் கட்டினவளுக்கா அடி? அது நான் கத்துக்குடுத்தது. எங்காத்தா எனக்குக் கத்துக்குடுத்தது. கட்டறவ கை சுருங்கக் கூடாதுன்னு சொல்லிச் சொல்லி வளத்துக்கினு வரேன். நீங்க என்னடான்னா அந்தக் கையிலயே போட்டீங்க.”

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்டாள். சுந்தரம்மா சப்பைக்கட்டுக் கட்டவில்லை. “தப்பு என்னுதுதான். அடிச்சது ஒரு தப்பு. அதவிடப் பெரிய தப்பு ஒண்ணு கீது” என்று தொடங்கி, கங்கம்மா சொன்னதையும், ஹெட்மாஸ்டர் அதை மாற்றிச் சொன்னதையும், தான் வாயை மூடிக்கொண்டு நின்றதையும், திங்கட்கிழமை போக வேண்டியிருப்பதையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லச் சொல்ல யார்மேல் அதிகம் கோபம் என்று அவளுக்கே பிரிக்கத் தெரியவில்லை. டிப்டி மேலா, நாகபூஷணத்தின் மேலா, தன் மேலா.

பச்சையம்மாள் கேட்டு முடித்துவிட்டுக் கூடையைத் தலையில் சரிசெய்துகொண்டாள்.

“ஆபீசு எங்க கீது? சத்திரத்துக்குப் பின்னால ஓட்டுக் கட்டடம், வேப்பமரம் ஒண்ணு நிக்குமே, அதா? அந்த ஆபீசு ஆளுங்களுக்கு நாந்தான் காய் போடறேன். திங்கக்கெழம காலைல டேசனுக்கு வந்துடுங்க. ஒண்ணாப் போலாம்.”

திங்கட்கிழமை ஏகாம்பரகுப்பம் ஸ்டேஷனில் இரண்டு பேரும் ரயில் ஏறினார்கள். சுந்தரம்மாவின் பையில் விளக்கம் எழுதிய காகிதமும் மிச்சமிருந்த குச்சிக் கட்டுகளும் இருந்தன. புத்தூர் தாண்டியதும் பச்சையம்மாள் கூடையிலிருந்து இரண்டு முருங்கைக் கட்டுகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, நார்முனையை நெகிழ்த்தி, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு காயை உருவிவிட்டு மறுபடி இறுக்கினாள்.

“எதுக்கு?” என்றாள் சுந்தரம்மா.

“இது சர்க்கார் கட்டு” என்றாள் அவள்.

ஆபீசில் பத்து மணிக்கு வரச்சொன்னவரைப் பன்னிரண்டு வரை காணவில்லை. வந்தவரும் நேராக உள்ளே போய்விட்டார். சுந்தரம்மா வராண்டா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சந்தையை முடித்துக்கொண்டு பச்சையம்மாளும் வந்து படியோரம் கூடையை இறக்கினாள். மிச்சம் கொஞ்சம் உதிரிக் காயும் அந்த இரண்டு கட்டும்தான். பியூன் சின்னப்பன் வழக்கம்போல வந்தான், ஐயா வீட்டுக்கு என்று இரண்டு கட்டையும் எடுத்துக் கையில் நிறுத்துப் பார்த்தான். தினம் தூக்குகிற கைக்குத் தெரியாதா? எண்ணினான். திரும்ப எண்ணினான்.

“இன்னாம்மா இது, கொசுறக் காணோம்?”

“பத்து கேட்டே. பத்து கீது.”

“ஏ, வெளையாடாத. ஐயா கேட்டா நான் துன்னுட்டேன்னு நெனைப்பாரு.”

“அவரையே கூப்புடு.”

சின்னப்பன் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. சாப்பாட்டுக்குக் கிளம்பிய டிப்டி வராண்டாவுக்கு வந்தார். பியூன் கையில் கட்டுகளைக் காட்டி ஏதோ முணுமுணுத்தான். டிப்டி படியருகில் வந்து குனிந்து, கோபமே இல்லாமல், யாரும் கேட்கிற மாதிரிச் சாதாரணமாக, “கொசரேதம்மா?” என்று கொசுறைக் கேட்டார்.

பச்சையம்மாள் எழுந்து நின்றாள். சந்தைத் தெலுங்கில்தான் பேசினாள், ஆனால் ஒவ்வொரு சொல்லும் வராண்டா முழுக்கக் கேட்டது.

“கட்டுக்குப் பத்து ஐயா. எண்ணிக்கொள்ளுங்கள்.”

“பத்துத்தான், தெரிகிறது. கட்டு என்றால் கொசரோடு சேர்ந்ததுதானே? எங்கள் ஊரிலும் அப்படித்தான்.”

“உங்கள் ஊரிலுமா? அப்படியானால் என் மகளுக்கு எண்ணத் தெரியவில்லை என்று ஏன் எழுதினீர்கள்? பத்து எண்ணி ஒன்று கொசுறு வைத்துக் கட்டினதற்கு அவள் அடி வாங்கினாள். இனி உங்களுக்கு என் கட்டும் பத்துதான்.”

டிப்டிக்குச் சட்டென்று புரியவில்லை. முருங்கைக்காரியையும் பெஞ்சிலிருந்து எழுந்து வருகிற டீச்சரையும் மாறி மாறிப் பார்த்தார். சுந்தரம்மா பையிலிருந்து குச்சிக் கட்டுகளை எடுத்து முருங்கைக் கட்டுகளுக்குப் பக்கத்தில் படிமேல் வைத்தாள். இரண்டிலும் ஒரே வாழைநார், ஒரே முடிச்சு.  அன்றைக்கே வர வேண்டிய பேச்சு இன்றைக்குத்தான் வந்தது.

“அந்தப் பிள்ளை தெரியாது என்று சொல்லவில்லை ஐயா. பத்துதான் கட்டினேன், ஒன்று கொசுறு என்றது. உங்களுக்கு மாற்றிச் சொன்னார்கள். எனக்குத் தெலுங்கு தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அதற்கு என்ன எழுத வேண்டுமோ என்மேல் எழுதுங்கள். பிள்ளைகள்மேல் எழுதாதீர்கள்.”

உள்ளே குமாஸ்தாக்கள் ஜன்னல் பக்கம் கூடிவிட்டார்கள். யாரோ சிரிப்பை அடக்கியது இருமல்போல் வெளியே வந்தது. டிப்டியின் காது மடல்கள் சிவந்தன. ஒரு கணம் அந்தக் குச்சிக் கட்டை எடுத்துப் பார்த்தார். என்ன இருந்தாலும் அவர் கெட்டவர் இல்லை, முகத்தில் அது தெரிந்தது. ஆனால் ஜன்னலில் ஆறு தலை பார்த்துக்கொண்டிருக்கும்போது நல்லவராக இருப்பதற்குத் தனியாகத் தைரியம் வேண்டும். அது அவரிடம் இல்லை.

“பள்ளிக்கூடம் சந்தை இல்லை” என்றார்.

“இல்லைதான் ஐயா. சந்தையில் எண்ணத் தெரிந்த பிள்ளைகள், பள்ளிக்கூடத்தில் எண்ணத் தெரியாத பிள்ளைகள் ஆகிவிட்டார்கள்” என்றாள் சுந்தரம்மா.

“விளக்கத்தை உள்ளே கொடுத்துவிட்டுப் போங்கள்” என்று சொல்லிவிட்டு வேகமாகப் படியிறங்கிப் போனார். சின்னப்பன் கட்டுகளை வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தான். பச்சையம்மாள் கூடைக்குள் கையை விட்டு இரண்டு காயை எடுத்து அவன் கையில் திணித்தாள்.

“இந்தா, எடுத்துக்கினு போ. அவரு பொண்டாட்டி இன்னா பண்ணிச்சி பாவம்.”

அன்று சாயங்காலம் ரயிலிலிருந்து இறங்கியதும் சுந்தரம்மா தன் வீட்டுக்குப் போகவில்லை, முருங்கைத் தோட்டத்துக்குப் போனாள். கங்கம்மா கிணற்று மேட்டில் நார் நனைத்துக்கொண்டிருந்தாள். “நான் அடிச்சது தப்பு கங்கம்மா” என்றாள் டீச்சர். பிள்ளை நிமிர்ந்து பார்த்துவிட்டு நாரையே நனைத்துக்கொண்டிருந்தது. மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு வந்தது. ஆனால் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தது. குச்சிப் பெட்டியைத் திறந்தால் இரண்டு கையையும் பாவாடைக்குள் சுருட்டிக்கொண்டது. எண்ணச் சொன்னால் எண்ணும், கட்டச் சொன்னால் கட்டாது.

பத்து நாள் கழித்துச் சித்தூர் ஜில்லா ஆபீசிலிருந்து உத்தரவு வந்தது. தமிழ் செக்‌ஷன் இந்த வருஷம் அப்படியே இருக்கலாம். அதுவரைக்கும் நல்லது. கீழே இன்னும் இரண்டு வரி இருந்தது. துடைப்பக்குச்சி முதலான வீட்டுச் சாமான்களால் பிள்ளைகளுக்குத் தவறான எண்ணிக்கை ஏற்படுவதால் அவற்றை உடனே விலக்க வேண்டும். சர்க்கார் வழங்கிய மணிச்சட்டத்தை மட்டுமே பயன்படுத்த வேண்டும், அடுத்த பரீட்சை அதை வைத்துத்தான் நடக்கும்.

சுந்தரம்மா அந்த இரண்டு வரியைத் திரும்பப் படித்தாள். தவறான எண்ணிக்கையாம். தெரிந்த பிறகும் எழுதுகிறார்கள். அந்த மணிச்சட்டத்தைக் கேட்டுக் கேட்டு இவள் தொண்டை வற்றியபோது கொடுக்காதவர்கள், இப்போது அதைப் பயன்படுத்தவில்லை என்று இவளுக்கே புத்தி சொல்கிறார்கள். காகிதத்தை நாகபூஷணத்தின் மேஜைமேல் வைத்தாள்.

“உத்தரவு சார். தொறங்க.”

அவர் மறுபடி ஒருமுறை படித்துப் பார்த்தார், தப்பிக்க எங்காவது சந்து இருக்கிறதா என்று. இல்லை. இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். மணிச்சட்டத்தைத் தானே இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து, மேல்துண்டால் தூசி தட்டி, வகுப்பு மேஜைமேல் வைத்தார். போகவும் மனசில்லாமல் பக்கத்திலேயே காவல் நின்றார். சிவப்பும் மஞ்சளுமாக அது வெயிலில் மின்னியபோது முப்பத்திரண்டு வாயும் திறந்தபடி இருந்தன. அழகான சாமான்தான், அதில் சந்தேகமில்லை.

“கங்கம்மா, நீ வா” என்றாள் சுந்தரம்மா.

கங்கம்மா தயங்கித் தயங்கி வந்தாள். டீச்சர் அவள் பாவாடைக்குள்ளிருந்த கையை இழுக்கவில்லை, தானாக வரட்டும் என்று காத்திருந்தாள். கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு ஒரு விரல் வெளியே வந்து முதல் கம்பியின் முதல் மணியைத் தொட்டது. மணி வழுக்கிக்கொண்டு ஓடிப்போய் டக்கென்று நின்றது. பிள்ளையின் முகத்தில் அது பிடித்திருந்தது தெரிந்தது. “ஒண்ணு” என்றாள். வகுப்பு சேர்ந்துகொண்டது.

முதல் கம்பி பத்து. இரண்டாவது பத்து. மூன்றாவதும் பத்து. நாலாவது கம்பியில் ஒன்பது என்று சொல்லி விரல் நீண்டபோது அங்கே தள்ளுவதற்கு மணி இல்லை. வகுப்பு ‘பத்து’ என்று பழக்கத்தில் கத்திவிட்டு நின்றது. கங்கம்மா எல்லாவற்றையும் இந்தப் பக்கம் தள்ளிவிட்டு மறுபடி எண்ணினாள். சத்தமில்லாமல், உதடு மட்டும் அசைய, மூன்றாம் தடவையும் எண்ணினாள்.

“ஒம்போதுதான் கீது டீச்சர்” என்றாள். சொன்ன வேகத்தில் கையை எடுத்து முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

சுந்தரம்மா அதைப் பார்த்தாள்.

“நல்லா எண்ணும்மா” என்றார் நாகபூஷணம். “நூறுன்னு மூணு தபா எழுதியிருக்குது. நானும் ஆபீசரும் கையெழுத்துப் போட்டுக்கீறோம்.”

“எண்ணிப் பாத்தா சார் போட்டீங்க?” என்றாள் சுந்தரம்மா.

 சுந்தரம்மா பிள்ளையின் பின்னால் போய்க் குனிந்து, “மிச்சக் கம்பியும் எண்ணு. எவ்ளோ இருக்குதோ அவ்ளோ சொல்லு” என்றாள். கை மெதுவாகத் திரும்பி வந்தது. ஐந்தும் ஆறும் சரியாக இருந்தன. ஏழாவது கம்பியிலும் ஒன்று குறைந்தது. மற்றதெல்லாம் பத்து. இரண்டு வருஷமாகப் பீரோவில் பூட்டி, மூன்று முறை எழுதி, இரண்டு ராஜ்யம் பங்கு பிரித்துக் காப்பாற்றிய நூறில் தொண்ணூற்றெட்டுதான் இருந்தது.

கங்கம்மா ஏழாவது கம்பியைத் தடவிக்கொண்டே கேட்டாள். “யாரு டீச்சர் இத்தக் கட்டினது? கொசுறு வெக்கலன்னாலும் பத்தாச்சும் வெச்சிருக்கலாமே.”

 சுந்தரம்மா நாகபூஷணத்தின் அறைக்குப் போய்ச் சாமான் ரிஜிஸ்டரையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு வந்தாள். மூன்று தடவை போட்ட கையெழுத்துகளுக்கும் கீழே எழுதினாள்: ‘மணிச்சட்டம் ஒன்று. மணிகள் தொண்ணூற்றெட்டு. எண்ணிச் சரிபார்த்தது, கங்கம்மா, ஒன்றாம் வகுப்பு, தமிழ் செக்‌ஷன்.’

“இதெல்லாம் எதுக்கும்மா, மேல கேள்வி கேப்பாங்க” என்று நாகபூஷணம் கையைப் பிசைந்தார்.

“கேக்கட்டும் சார். இந்தத் தபா நான் ஜவாப் சொல்றேன்.”

பேனாவைக் கங்கம்மாவிடம் நீட்டினாள். பிள்ளை அதை அடிபட்ட கையாலேயே வாங்கிக்கொண்டு, ரிஜிஸ்டரின் ஓரத்தில் தனக்கு எழுதத் தெரிந்த ஒரே எழுத்தை, ஒரு ‘க’வை, பெரிதாகப் போட்டது. பிறகு குச்சிப் பெட்டியிலிருந்து இரண்டு குச்சியும் கொஞ்சம் நாரும் எடுத்து வந்து, நாலாவது கம்பியில் ஒன்றும் ஏழாவது கம்பியில் ஒன்றுமாகச் சேர்த்துக் கட்டியது.